உடுக்கு முறுகும்போது உடம்பில் என்ன நடக்கிறது?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மைக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஆறேழு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். போன மாசி மாதம் ஒருநாள் காலையில் மதில் பக்கம் வந்து நின்று, "மக்களே, இனி எனக்கு மாத்திரை வேண்டாம். தெனமும் அரை மணிக்கூர் இந்த ராகத்தக் கேட்டா பிரஷர் தன்னால எறங்கீருமாம்" என்று போனை நீட்டினார். திரையில் ஒரு பட்டியல். இடது பக்கம் ராகங்களின் பெயர்கள், வலது பக்கம் நோய்களின் பெயர்கள். சர்க்கரைக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு இரண்டு.

நான் சொல்லியும் கேட்கவில்லை. பத்து நாள் மாத்திரை எடுக்கவில்லை. பதினோராம் நாள் தலை சுற்றி முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தார்.

அந்தப் பட்டியலை அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பாட்டு உடம்பைத் தொடும் என்பது உண்மை. எல்லோரும் அனுபவித்த உண்மை என்பதால்தான் அதன்மேல் எதை ஏற்றிச் சொன்னாலும் நம்பிவிடுகிறோம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் என்ற முறையில், அந்த உண்மை எந்த வழியாக வேலை செய்கிறது என்பதை என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஒரே பந்தலில் இரண்டு பேர்

எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயிலில் சித்திரையில் கொடைத் திருவிழா. இரவு வில்லுப்பாட்டு. நடுவில் வீசுகோலோடு புலவர், சுற்றிலும் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை. கதை மெதுவாகத்தான் தொடங்கும். நாட்டு வளம் பாடும்போது பந்தலில் பாதிப் பேர் கடலை கொறித்துக்கொண்டு பேச்சில் இருப்பார்கள். இசக்கி வஞ்சிக்கப்பட்டுச் சாகும் இடம் நெருங்க நெருங்கப் பாட்டின் நடை மாறும். உடுக்கு முறுகும். வில்லின் மணிகள் இடைவிடாமல் குலுங்கும். பேச்சு தானாக நிற்கும்.

இந்த வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, ஒடிசாவிலிருந்து வந்து செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு பையன். தமிழ் நாலைந்து வார்த்தைதான் தெரியும். உடுக்கு வேகம் எடுத்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், கால் தாளம் போடத் தொடங்கியது. எனக்கும் அப்படித்தான். ஆனால் அடுத்த கணம் என் கையில் மயிர் எழுந்து நின்றது, கண் நிறைந்தது. அவனுக்கு அது நடக்கவில்லை. என் அம்மை அந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினாள். அவன் அன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறான்.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. இசையில் ஒரு பகுதி, யார் கேட்டாலும் உடம்பில் வேலை செய்யும். இன்னொரு பகுதி, கேட்பவருக்குள் ஏற்கெனவே இருப்பதைத் தொட்டுத்தான் வேலை செய்யும்.

அதிர்வு மின்சாரமாகும் இடம்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இசைத்தூண்கள் பார்த்திருப்பீர்கள். தட்டினால் கல் அதிர்கிறது, கல்லைச் சுற்றிய காற்று அதிர்கிறது, அந்த அதிர்வு காதுக்கு வருகிறது. ஒல்லித் தூணும் தடித்த தூணும் வேறு வேறு வேகத்தில் அதிர்வதால் வேறு வேறு ஒலி. ஒலி என்பது அவ்வளவுதான், அதிர்வு. நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வு வரை மனிதக் காது கேட்கும். வயதாக ஆக மேல் எல்லை குறைந்துகொண்டே வரும்.

காதுக்குள் போன அதிர்வு செவிப்பறையை ஆட்டுகிறது. அது மூன்று சின்ன எலும்புகளை ஆட்டுகிறது. அவை உள்ளே நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு குழலுக்குள் இருக்கும் திரவத்தை ஆட்டுகின்றன. அந்தக் குழலில் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. தலையில் மிக நுண்ணிய இழைகள் கொண்ட செல்கள் இவை. திரவம் ஆடும்போது அந்த இழைகள் வயலில் நெற்கதிர் சாய்வதுபோலச் சாய்கின்றன. சாயும்போது மின்குறிப்பு பிறக்கிறது. நரம்பு அதை மூளைக்கு எடுத்துப்போகிறது. கீச்சென்ற ஒலிக்குக் குழலின் வாசல் பக்கத்துச் செல்கள், கனத்த ஒலிக்கு உள்சுருளில் இருக்கும் செல்கள்.

இந்த மயிர்ச்செல்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவார்கள்.

நினைப்பதற்கு முன்னால் துள்ளும் உடம்பு

மத்தியானம் அயர்ந்து படுத்திருக்கிறீர்கள். தகரக் கூரையில் ஒரு தேங்காய் விழுகிறது. "தேங்காய்" என்று தெரிவதற்கு முன்னாலேயே உடம்பு துள்ளிவிட்டது, நெஞ்சு அடித்துக்கொண்டது. எப்படி?

காதிலிருந்து போகும் நரம்புப் பாதை முதலில் மூளைத்தண்டைத் தொடுகிறது. மூளையின் அடியில், முதுகுத்தண்டோடு சேரும் இடம் அது. மூச்சு, இதயத்துடிப்பு போன்ற, நாம் யோசிக்காமலே நடக்கும் வேலைகளை நடத்துகிற இடமும் அதுதான். இது என்ன ஒலி என்று மேல்மூளை அலசி முடிப்பதற்குள், மூளைத்தண்டு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் உடம்பை எச்சரித்துவிடுகிறது. காட்டில் வாழ்ந்த காலத்தில் இப்படித் துள்ளியவர்கள்தான் பிழைத்தார்கள்.

திடீரென்று உயரும் ஓசை, வேகமான அடி, கரகரத்த ஒலி ஆகியவை எல்லாம் இந்தப் பாதையைத் தட்டும். கொடையில் உடுக்கு முறுகியதும் சூளைப் பையன் நிமிர்ந்தது இதனால்தான். கதை தெரியவேண்டிய அவசியமே இல்லை.

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. இதயம், நுரையீரல், குடல், வியர்வைச் சுரப்பி போன்றவற்றை நம்மைக் கேட்காமலே நடத்தும் நரம்புகளுக்குத் தானியங்கி நரம்பு மண்டலம் என்று பெயர். அதில் இரண்டு பிரிவு. பரிவு நரம்புகள் உடம்பை முடுக்கும், எதிர்ப்பரிவு நரம்புகள் உடம்பைத் தணிக்கும். மலைச்சாலையில் வண்டி ஓட்டும்போது ஆக்சிலேட்டரும் பிரேக்கும் போல. இரண்டும் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சம் வேலையில்தான் இருக்கும், எது ஓங்குகிறது என்பதே கணக்கு. இசை உடம்பைத் தொடும் முக்கியமான வாசல் இதுதான்.

இதுவரை பார்த்தது: ஒலி என்பது அதிர்வு. காது அதை மின்குறிப்பாக மாற்றுகிறது. அந்தக் குறிப்பு அறிவைத் தொடுவதற்கு முன்பே, உடம்பை முடுக்கவும் தணிக்கவும் செய்கிற நரம்புகளைத் தொட்டுவிடுகிறது.

கரமடியும் ஜெபமாலையும்

முட்டம், குளச்சல் பக்கம் கரமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தாளம் என்றால் என்ன என்று சொல்லித் தரவேண்டாம். கடலில் வளைத்த வலையின் இரண்டு கயிறும் கரைக்கு வருகின்றன, இரண்டு பக்கமும் வரிசையாக ஆள். ஒருவர் ஏலேலோ போட, மற்றவர்கள் ஏற்றுச் சொல்லி, சொல் விழும் இடத்தில் எல்லோரும் ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். பாட்டு இல்லாவிட்டால் ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் விட்டுவிடுவார், வலை நகராது.

வெளியே கேட்கும் ஓர் அடிக்கு உடம்பின் அசைவு தானாகப் போய்ச் சேர்ந்துகொள்வதைத் தாள ஒத்திசைவு என்று சொல்லலாம். மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால், ஒருவர் அசையாமல் உட்கார்ந்து தாளத்தைக் கேட்டாலும் கைகால்களை அசைக்கும் மூளைப் பகுதிகள் வேலை செய்வது தெரிகிறது. காது கேட்கிறது, கால் தயாராகிறது. தவில் சத்தத்துக்குச் சும்மா நிற்பதுதான் கஷ்டம், ஆடுவது சுலபம்.

இங்கேதான் ஒரு பெரிய தவறான எண்ணம் புகுந்துகொள்கிறது. "மேளத்தின் அடிக்கு இதயம் அதே வேகத்தில் அடிக்கும்" என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. இதயத்துக்கு அதற்கென்று ஒரு தாளக்காரர் உள்ளேயே இருக்கிறார். சிங்காரி மேளம் நிமிஷத்துக்கு 160 அடி அடித்தால், நின்று கேட்கும் உங்கள் இதயமும் 160 அடிக்காது. அப்படி அடித்தால் திருவிழாவுக்கு ஆம்புலன்ஸோடுதான் போகவேண்டும்.

உண்மையில் நடப்பது சுற்றி வருகிறது. வேகமான இசைக்கு மூச்சு வேகமாகிறது, மெதுவான இசைக்கு மூச்சு நீள்கிறது. மூச்சுக்குப் பின்னால் இதயம் போகிறது. இதை இப்போதே சோதிக்கலாம். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள், பிறகு நீளமாக வெளியே விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும் விடும்போது சற்றுத் தளர்வதும் பலருக்கு விரலிலேயே தெரியும். வெளிமூச்சின்போது எதிர்ப்பரிவு நரம்பின் பிடி கூடுகிறது. அதனால் வெளிமூச்சை நீட்டுகிற எந்தப் பாட்டும் உடம்பைத் தணிக்கும் பக்கம் தள்ளுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டியும் உடனிருந்தவர்களும் 2001-ல் வெளியிட்டது. 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், அப்புறம் யோக மந்திரம் ஒன்றைச் சொல்ல வைத்தார்கள். ஜெபமாலையில் ஒருவர் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதி சொல்வார்கள் அல்லவா? அந்த ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்து நொடி ஆகிறது. மந்திரத்துக்கும் அதே அளவு. இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 6 ஆக இறங்கியது. சாதாரணமாக நாம் நிமிஷத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். ரத்த அழுத்தத்தில் தானாகவே ஏறி இறங்கும் ஒரு மெல்லிய அலை இருக்கிறது. அதற்கும் ஏறத்தாழ பத்து நொடிதான். மூச்சும் அந்த அலையும் இதயத்துடிப்பும் ஒரே கதியில் சேர்ந்துகொண்டன.

கடற்கரை ஊர்களில் மாலையில் ஜெபமாலை கேட்கும், கோயிலில் மந்திரம் கேட்கும், தக்கலை பீரப்பா தர்காவில் வருஷத்தில் ஓர் இரவு விடிய விடிய ஞானப் பாடல்கள் ஓதுவார்கள், சாமித்தோப்பு அய்யாவழிப் பதியில் உகப்படிப்பு என்ற வழிபாடு கேட்கும். வேறு வேறு கடவுள், வேறு வேறு சொல். ஒருவர் விட மற்றவர் எடுக்கும் அந்த ஒழுங்கான இழுவை மட்டும் எங்கும் இருக்கிறது. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்த ஆராய்ச்சியைப் படித்தபோது தொண்டை அடைத்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

அதே பெர்னார்டி 2006-ல் இன்னொன்றும் வெளியிட்டார். 24 பேருக்கு ஆறு வகை இசை போட்டுக் காட்டினார்கள். வேகம் கூடக்கூட மூச்சும் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடின. இசையின் வகை, கேட்பவருக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்பதைவிட வேகத்துக்குத்தான் இதில் அதிகப் பங்கு. ஆச்சரியம் அதற்கப்புறம். நடுவில் இரண்டு நிமிஷம் இசையை நிறுத்திச் சும்மா விட்டார்கள். அந்த மௌனத்தில் துடிப்பும் அழுத்தமும், இசையே தொடங்காத நிலையில் இருந்ததைவிடக் கீழே இறங்கின. வாழி பாடி முடித்து வில் ஓய்ந்ததும் பந்தலில் ஒரு கனத்த அமைதி விழுமே, உடம்புக்கு அந்த அமைதியும் பாட்டில் ஒரு பகுதிதான் போலிருக்கிறது.

சோகமான குரல் எப்படி இருக்கும்?

துக்க வீட்டில் ஒருவர் பேசுவதைக் கவனியுங்கள். மெதுவாக, தாழ்ந்த குரலில், சொல்லின் முடிவு கீழே விழும்படி பேசுவார். சந்தோஷமாக ஓடிவரும் குழந்தையின் பேச்சு உயரமாக, வேகமாக, துள்ளிக்கொண்டு இருக்கும். கோபம் உரக்க, வெட்டிவெட்டி வரும். இந்த அடையாளங்களை நாம் மொழி கற்பதற்கு முன்பே கற்றுவிடுகிறோம். இசையும் அதே அடையாளங்களைத்தான் கடன் வாங்குகிறது. மெதுவாக இறங்கும் நாதஸ்வர இழுப்பு சோகமாகப் படுவதற்குக் காரணம், சோகப்பட்டவரின் குரல் அப்படி இருப்பதுதான்.

இது எவ்வளவு பொதுவானது? மேற்கத்திய இசையைக் கேட்டே இராத, கேமரூன் நாட்டின் மாஃபா மக்களுக்கு அந்த இசையைப் போட்டுக் காட்டினார்கள். 2009-ல் வெளிவந்த ஆராய்ச்சி. எது மகிழ்ச்சி, எது சோகம், எது பயம் என்பதை அவர்கள் தற்செயலாகச் சொல்வதைவிட நன்றாகவே இனம் கண்டார்கள். 1999-ல் மறுபக்கமாக ஒன்று செய்தார்கள். இந்துஸ்தானி ராகங்களை அறியாத மேற்கத்தியர்களுக்கு ராகங்களைப் போட்டார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் ஆகியவற்றை அவர்கள் கண்டுகொண்டார்கள். சாந்தத்தை மட்டும் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

ஆனால் எல்லாமே பொது இல்லை. பொலிவியாவின் காட்டுப்பகுதியில் வாழும் சிமானே மக்கள், மற்றவர்கள் "இனிமை" என்று சொல்லும் சுரச் சேர்க்கையையும் "கரடுமுரடு" என்று முகம் சுளிக்கும் சேர்க்கையையும் ஒரே அளவுக்குத்தான் ரசித்தார்கள் என்று 2016-ல் தெரியவந்தது. எது இனிமை என்பதில் பெரும்பங்கு பழக்கம். ஒரு ராகம் தன்னளவிலேயே ஒரு நோயைத் தேடிப்போய்த் தீர்க்கும் என்ற நம்பிக்கை இங்கேயே ஆட்டம் காண்கிறது.

மூன்றாவது முறைக்காகக் காத்திருப்பது

தவில்காரர் தீர்மானம் வைப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு சொற்கட்டை ஒருமுறை அடிக்கிறார். அதையே இரண்டாம் முறை. இப்போது உங்களுக்குத் தெரியும், மூன்றாவது வரப்போகிறது, அது தாளத்தின் தொடக்க அடியில் போய் விழப்போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். விழுகிறது. கூட்டமே "ஆகா" என்கிறது. சங்கீதம் படிக்காதவர்கூட அந்த இடத்தில் தலையை ஆட்டிவிடுவார்.

மூளை எந்நேரமும் அடுத்து என்ன என்று ஊகித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. பாட்டு அந்த ஊகத்தோடு விளையாடுகிறது. கொஞ்சம் கொடுக்கிறது, கொஞ்சம் தள்ளிப்போடுகிறது, சில சமயம் நினைக்காத இடத்தில் கொடுக்கிறது. நல்ல பாட்டுக்காரருக்கு இந்த அளவு தெரியும். எல்லாம் ஊகித்தபடியே வந்தால் சலிப்பு, எதுவுமே ஊகிக்க முடியாவிட்டால் எரிச்சல்.

இதன் பின்னால் இருக்கும் பொருளுக்கு டோபமைன் என்று பெயர். ஒரு நரம்புச் செல் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் அது ஒன்று. பசிக்குச் சோறு கிடைக்கும்போது, விரும்பியதை அடையும்போது மூளையில் சுரப்பது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் செய்து 2011-ல் வெளியான ஆராய்ச்சியில், தங்களுக்கு மெய்சிலிர்க்கும் என்று அவர்களே தேர்ந்தெடுத்த இசையை மக்கள் கேட்டார்கள். உச்சக்கட்டம் வரும்போது டோபமைன் சுரந்தது. உச்சம் வருவதற்கு முன்னால், அதற்காகக் காத்திருக்கும் நொடிகளிலேயே மூளையின் வேறோர் இடத்தில் அது சுரக்கத் தொடங்கியிருந்தது. காத்திருப்பதும் இன்பம், கிடைப்பதும் இன்பம், இரண்டும் வேறு வேறு இடத்தில். தெரிந்த பாட்டை நூறாவது முறை கேட்டாலும் அலுக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மெய்சிலிர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு மிகச் சின்னத் தசை இருக்கிறது. பரிவு நரம்பு முடுக்கினால் அது சுருங்கும், மயிர் நிமிரும். நாயைக் கண்ட பூனை உப்பிப்போவது இதே தசையால்தான். நமக்கு உப்புவதற்கு ரோமம் இல்லை, தசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. குளிருக்கும் பயத்துக்கும் வேலை செய்யும் அந்தத் தசை, ஒரு பாட்டின் உச்சத்திலும் வேலை செய்கிறது. மனதில் எழுவது உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய்யில் படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. உணர்ச்சியை உடம்பிலிருந்து பிரிக்காமல் பார்த்த அந்தப் பார்வை, இன்றைய உடலியலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர் வரை, காது நன்றாகக் கேட்டும், மற்ற எல்லா இன்பங்களையும் அனுபவித்தும், இசையில் மட்டும் எந்த இன்பமும் காணாதவர்கள் என்று பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களைக் கல்நெஞ்சு என்று சொல்லாதீர்கள். அது உடம்பின் ஒரு அமைப்பு, அவ்வளவுதான்.

மறுபடி சுருக்கமாக: வேகமும் உரப்பும் நரம்பை முடுக்கும் அல்லது தணிக்கும். குரலின் சாயல் உணர்ச்சியைக் காட்டும். எதிர்பார்ப்பு இன்பத்தைத் தரும். இனி மிச்சமிருப்பது, அந்தப் பந்தலில் என்னிடம் இருந்து சூளைப் பையனிடம் இல்லாத அந்த ஒன்று.

என் அம்மையின் சோற்று உருண்டை

டிசம்பர் வந்தால் எங்கள் பக்கம் தெருத்தெருவாகப் பாடகர் குழு கேரல் பாடி வரும். தூரத்தில் டிரம் சத்தம் கேட்டதுமே எனக்கு ஈரமண் வாசனை, நட்சத்திர விளக்கு, அப்பாவின் தோள் எல்லாம் சேர்ந்து வரும். பாட்டில் இவை எதுவும் இல்லை. என்னிடம் இருக்கின்றன.

நினைவுகளைப் பதித்துவைப்பதில் பெரும்பங்கு உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும், பயம் போன்ற உணர்ச்சிகளுக்கு விரைந்து எழும் அமிக்டலா என்ற பகுதியும் மூளையில் அக்கம்பக்கம் இருக்கின்றன. உணர்ச்சியோடு சேர்ந்து நடந்தது ஆழமாகப் பதிகிறது. பாட்டு உணர்ச்சியோடும், இடத்தோடும், ஆட்களோடும் ஒன்றாகவே உள்ளே போவதால், பின்னால் பாட்டை மட்டும் இழுத்தாலும் மற்றவை கூடவே வருகின்றன. சாக்கில் தைத்த நூலில் ஒரு முனையைப் பிடித்து இழுப்பதுபோல. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுகள்தான் பெரும்பாலோருக்கு அதிக நினைவுகளைக் கொண்டுவருகின்றன. பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்ட முதியவர்கள் இளம்வயதில் பாடிய கீர்த்தனையை வரி தப்பாமல் பாடுவதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள்.

இதனால்தான் ஒரே பாட்டு ஒருவரைத் தேற்றும், இன்னொருவருக்கு வெப்ராளத்தைக் கொடுக்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் ரசித்த ஒரு பழைய பாட்டுக்கு என் சேக்காளி ஒருத்தி எழுந்து வெளியே போனாள். அவள் அண்ணன் இறந்த அன்று பக்கத்துக் கடையில் ஓடிய பாட்டு அது. எந்தப் பட்டியலால் இதை முன்கூட்டிச் சொல்ல முடியும்?

அருள் வருவது பற்றி ஒரு வார்த்தை

"மேளத்தின் அடி மூளையை மயக்குவதால்தான் சாமி வருகிறது" என்று படித்தவர்கள் சிலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது என்ன என்பதில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒருவரி விளக்கம் விளக்கமாகவும் தேறாது. அடி மட்டுமே காரணம் என்றால் பந்தலில் இருக்கும் இருநூறு பேருக்கும் வரவேண்டும், உடுக்கு அடிப்பவருக்கு முதலில் வரவேண்டும். வருவது கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடுகிறவருக்கு. நாள்கணக்கில் விரதம் இருந்தவர், தன் தகப்பன் ஆடியதைப் பார்த்து வளர்ந்தவர், தன் சாமிக்கான பாட்டு எந்த இடத்தில் வரும் என்று தெரிந்தவர். முறுகும் தாளம் உடம்பை முடுக்குகிறது. அந்த முடுக்கத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதை அவர் வாழ்ந்த வாழ்க்கை சொல்கிறது.

பட்டியல் ஏன் தவறு?

சரி, பெரியம்மையின் போனுக்கு வருவோம். மெதுவான இசை ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும் என்பது பொய்யில்லை. இறக்கும். ஆனால் அந்த இறக்கம் சிறியது, கேட்கும் நேரத்தையும் அதை ஒட்டிய கொஞ்ச நேரத்தையும் சேர்ந்தது. ரத்தக்குழாய் விறைத்துப்போய் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தம் கூடியே இருப்பது வேறு விஷயம். அடுப்பின் மேல் கொதிக்கும் பானையில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கும், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். மாத்திரை அடுப்பைக் கவனிக்கிறது.

இரண்டாவது, வேலை செய்வது ராகத்தின் பெயர் இல்லை. அதே ராகத்தில் தாராட்டும் பாடலாம், தவிலோடு வேகமாக நாதஸ்வரமும் வாசிக்கலாம். ஒன்று மூச்சை நீட்டும், மற்றது முடுக்கும்.

உலகம் முழுக்க இதே தவறு நடந்திருக்கிறது. 1993-ல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சின்னச் சோதனை. மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிஷம் கேட்டபின், வடிவங்களை மனதில் மடித்துத் திருப்பிப் பார்க்கும் வகைக் கணக்குகளைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். பலன் கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. அவ்வளவுதான் கண்டது. அது "மொசார்ட் கேட்டால் குழந்தை அறிவாளியாகும்" என்று ஊதிப் பெருகி, 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கு இசைத்தட்டுக் கொடுக்கத் திட்டம் போட்டார். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டியது, உற்சாகம் தரும் எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் மூளை சுறுசுறுப்பாக இருக்கும் என்பதுதான். நொடிக்கு 432 அதிர்வில் சுருதி சேர்த்த இசை குணப்படுத்தும், 440 அதிர்வு கெடுக்கும் என்று வரும் செய்திக்கும் ஆதாரம் கிடையாது. 440 என்பது வாத்தியங்கள் ஒன்றோடொன்று சேர்வதற்காகப் பொதுவில் ஒத்துக்கொண்ட அளவு.

உண்மையான பலன்கள் இதைவிட அடக்கமானவை, ஆனால் உறுதியானவை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இசை கேட்ட நோயாளிகளுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலிமருந்தின் தேவையும் குறைந்தது என்று எழுபதுக்கு மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயால் நடை தடுமாறுகிறவர்கள், சீரான தாளம் கேட்டால் எட்டு வைத்து நடக்கிறார்கள். கரமடிக்காரர்களின் அதே வித்தை. பக்கவாதத்தால் பேச்சு போன சிலருக்கு, பேச வராத சொல் பாட வருகிறது, அதை வைத்தே பேச்சை மீட்கும் ஒரு பயிற்சி 1973 முதல் இருக்கிறது. இவை எல்லாமே மருந்தோடும் மருத்துவரோடும் சேர்ந்து செய்பவை.

மயிர்ச்செல்கள் திரும்ப முளைக்காது

முதலில் சொன்ன மயிர்ச்செல்களுக்கு வருகிறேன். மனிதக் காதில் அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகில் சொல்கிறோம். 85 டெசிபலை எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கக் கூடாது என்பது வேலையிடங்களுக்கு வைத்திருக்கும் ஒரு அளவு. அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். கொடையிலும் திருநாளிலும் பாக்ஸ் ஸ்பீக்கருக்கு முன்னால் கைக்குழந்தையோடு நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். காதில் இரைச்சல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அந்தச் செல்கள் அடி வாங்கியிருக்கின்றன என்று அர்த்தம். நாலடி தள்ளி நின்றாலே வித்தியாசம் உண்டு. இயர்போன் போடும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்.

பெரியம்மை இப்போது காலையில் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். அப்புறம் ஒருநாள், "அப்போ நான் எந்தப் பாட்டத்தான் கேக்கணும் மக்களே?" என்று கேட்டார். மெதுவாக இருக்கவேண்டும், உங்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்ததாக இருக்கவேண்டும், கேட்டால் நல்ல ஞாபகம் வரவேண்டும், நீங்களும் கூடப் பாடினால் மூச்சு நீளும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். போனை மதிலில் வைத்துவிட்டு, அவருடைய அம்மை பாடிய தாராட்டு ஒன்றை அங்கேயே நின்று மெல்ல எடுத்தார். இரண்டாவது அடி மறந்துபோயிருந்தது. மறுநாள் காலையில் மதில் பக்கம் வந்து அதையும் பாடிக் காட்டினார்.